மார்க்கிரட் டீச்சரின் ஓசையில்லாச் சப்பாத்து

தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரியவர் சிவகுருநாதன் ஐயா அவர்களே, அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, இந்த மழையிலும் கிள்ளானிலிருந்து லோரி பிடித்து வந்திருக்கும் துணிக்கடை நூர் முகம்மது பாய் அவர்களே, பிரிக்பீல்ட்ஸ் தாய்மார்களே, இடம் போதாமல் வாசலில் நிற்கும் பிள்ளைகளே! உங்கள் எல்லாருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு மேடை புதிது. புத்தகம் கட்டும் தம்புசாமியின் வீட்டுக்காரி இராஜம்மா என்றால் இந்தத் தெருவுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கட்ட வந்த புத்தகங்களின் தாளை அடுக்கி அடுக்கி எழுத்துக் கூட்டப் பழகியவள். அதனால் எனக்குப் பல கதைகளின் நடுப்பக்கம் தெரியும், முடிவு தெரியாது. இன்று நான் பேச வந்திருப்பதும் அப்படி ஒரு கதைதான்.

"நாட்டியக் கலைமணி செல்வி மார்க்கிரட் அவர்களின் கலைத்தொண்டு" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கலைத்தொண்டு! நாட்டியக் கலைமணி! டீச்சர் இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவர் இறந்தது ஆடி பிறந்த கையோடு. அப்போது நாலு பேர் கூடி நிற்கவே பயம். அழுவதற்கும் கதவைச் சாத்திக்கொண்டோம். அதே மாதம் முடிவதற்குள் ஜப்பான்காரர் சரணடைந்துவிட்டார்கள். கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா டீச்சர்? யாரைக் கேட்பது?

வீட்டு வரவு செலவை நான்தான் எழுதுகிறேன். நேராக வராவிட்டால் மறுபடி கூட்டுவேன். இந்த அம்மாளின் வாழ்க்கையையும் அப்படிக் கூட்டிப் பார்த்தேன். நேராக வரவில்லை. அந்தக் குழப்பத்தோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

ஜப்பான்காரர் வந்த புதிதில் ஒருநாள் எங்கள் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். நரைத்த கொண்டை, காலர் வைத்த ரவிக்கை, கையில் குடை. குடைக்குள்ளிருந்து ஒரு ஜோடி ரோஜா நிறச் செருப்பை எடுத்து மேசையில் வைத்தார். கட்டிமுடித்த புத்தகங்கள் இருக்கும் மேசை அது! என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"அம்மா, நான் புத்தகம் கட்டுறவன். செருப்புத் தைக்கிறவர் அந்த முனையில இருக்காரு."

"அவரிட்டப் போட்டுத்தான் வாறன். இது புத்தகக்காரற்ர வேலையாம். உங்களிட்ட அனுப்பினவர்."

"செருப்புக்கு என்னாத்துக்கு பைண்டிங்?"

அந்த அம்மாள் செருப்பின் நுனியைப் பிரித்துக் காட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே தாள், அதன்மேல் சாக்குத் துணி, அதன்மேல் பசை, மறுபடி தாள், மறுபடி துணி! எங்கள் புத்தக அட்டை எப்படியோ அப்படி! ஐரோப்பாவில் பாலே என்று ஒரு ஆட்டமாம்; விரல் நுனியில் ஏறி நின்று ஆடுவார்களாம். நுனியிலே அந்தச் சின்னப் பெட்டி கெட்டியாக இருந்தால்தான் நிற்க முடியுமாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் இதைக் கற்று, இங்கே வந்து பள்ளி வேலை முடிந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்த அம்மாள். இவர்தான் நம் மார்க்கிரட் டீச்சர்.

நான் ஒரு செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இது எந்தக் காலு டீச்சர்? இடமா வலமா?"

"எந்தக் காலுக்கும் போடலாம். இதுக்கு இடம் வலம் இல்லை."

இடம் வலம் இல்லாத செருப்பு உண்டா? வீதியில் நடக்க உதவாத செருப்பு உண்டா? அன்று தொடங்கிய குழப்பம், சபையோரே, இன்றுவரை தீரவில்லை.

அந்த நாட்களில் பெண் பிள்ளை வைத்திருந்தவர்கள் எப்படி இருந்தோம் என்பதை நான் சொல்ல வேண்டுமா? சிப்பாய்கள் தூக்கிப்போய்விடுவார்கள் என்று முடியை வெட்டினோம், முகத்தில் கரியைப் பூசினோம், பரணில் ஏற்றினோம். பக்கத்து வீட்டு நல்லம்மாளின் மகள் மீனலோசனியும், நூர் முகம்மது பாயின் மகள் சௌதாவும் எங்கள் மாடியில்தான் ஒளிந்திருந்தார்கள். கடைக்கு ஜப்பான்காரர் தங்கள் அலுவலகக் கோப்புகளைக் கட்டக் கொடுப்பார்கள். "தினமும் வந்து போற இடத்துல தேடமாட்டானுங்க லா," என்றார் என் வீட்டுக்காரர். அந்தத் தைரியத்தில் வைத்தோம். ஆனால் மாடியோ பலகை மாடி. ஒரு அடி வைத்தால் கீழே கேட்கும். ஆகையால் பிள்ளைகள் இருவரும் பகல் முழுவதும் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தே கிடந்தார்கள்.

வயது என்ன? ஓடி விளையாடும் வயது. சௌதாவாவது ஏதாவது முணுமுணுப்பாள். மீனலோசனி வாயை மூடியவள் மூடியவள்தான். சோறு வேண்டாம், மரவள்ளி வேண்டாம். கால் வீங்கிப்போயிற்று. தாய் வந்து கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பாள். நல்லம்மா என் தோளில் சாய்ந்து, "அக்கா, புள்ளைய காப்பாத்துறேன்னு நானே கொன்னுக்கிட்டு இருக்கேன்," என்று அழுதாள்.

இதை டீச்சரிடம் சொன்னது என் வீட்டுக்காரர். டீச்சர் மாடியேறிப் போனார். மீனலோசனியின் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். "காலுக்குத் தான் கால் எண்டதே மறந்துபோச்சு," என்றார். மறுநாள் ஒரு பை நிறையப் பழைய சப்பாத்துகளோடு வந்தார். அவர் செருப்பு என்று சொல்லமாட்டார், சப்பாத்துதான்.

நல்லம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "உயிருக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கு புள்ள, இதுல டான்ஸா? கீழ ஜப்பான்காரன், மேல சலங்கையா?"

"சலங்கை இல்லைப் பிள்ளை," என்றார் டீச்சர். "உலகத்தில சத்தமில்லாமல் ஆடுற ஆட்டம் எண்டால் இதுதான். நான் பொறுப்பு."

பொறுப்பு என்றாரே, அந்தச் சப்பாத்து சும்மா இருந்ததா? பெட்டி வைத்த நுனி பலகையில் பட்டதும் டொக்கென்றது. நான் கீழே இருந்து விளக்குமாற்றால் மாடிப் பலகையை இடித்தேன். மேலே ஆட்டம் நின்றது. இப்படித்தான், சபையோரே, நானும் டீச்சரும் சப்பாத்து செய்யும் தொழிலில் இறங்கினோம். அழகுக்காக இல்லை. சத்தம் வராமலிருக்க!

தோலும் எலும்புப் பசையும் நான் தொடமாட்டேன்; அது என் ஆசாரம். டீச்சர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. கோதுமை மாவு கிடைக்காது என்பதால் மரவள்ளி மாவில் பசை காய்ச்சினேன். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டேன். உள்ளங்காலுக்கு அடியில் தோல் பட்டைக்குப் பதில் கமுக மட்டை வைத்தோம். அது மிதித்தால் கிறீச்சென்றது. ரப்பர்தான் விலைபோகாமல் கிடந்ததே, ரப்பர் பால் வாங்கி அடியில் தடவினோம். சத்தமில்லை, ஆனால் பலகையோடு ஒட்டிக்கொண்டது. சௌதா சுழலப் போனாள். உடம்பு சுற்றியது, கால் சுற்றவில்லை. பொத்தென்று விழுந்தாள். கீழே நின்ற ஜப்பான்காரர் நிமிர்ந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை: "எலிங்க. பெரிய எலிங்க."

வழுக்கினால் விழுவாள், வழுக்காவிட்டால் சுழலமாட்டாள். கெட்டியாக இருந்தால் தட்டும். மெத்தென்றிருந்தால் நிற்க முடியாது. இப்படி ஒரு பொருளை ஆண்டவன் ஏன் படைக்க விட்டான்?

வெள்ளைக்காரர்கள் நுனியில் ஒரு பிசின் பொடி தொட்டுக்கொள்வார்கள், வழுக்காமலிருக்க, என்றார் டீச்சர். அது இல்லையே என்று அவர் கவலைப்பட, என் பூசை மாடத்தில் இருந்த குங்கிலியம் எனக்கு நினைவு வந்தது. இடித்துக் கொண்டுவந்தேன். நல்லம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமிக்குப் போடறத கால்ல போட்டு மிதிக்கிறதாக்கா? பாவம் புடிக்கும்!"

"பிடிச்சால் என்ர பேரில எழுதுங்கோ," என்றார் டீச்சர். "நான் வேற கோயில். அங்க ஒருத்தரும் தேடிப் பார்க்க மாட்டினம்."

நல்லம்மாகூடச் சிரித்துவிட்டாள். அன்று மீனலோசனியும் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பல்லைப் பார்த்தோம்.

சப்பாத்து தைக்கும்போதெல்லாம் டீச்சர் அதன் கதையைச் சொல்லுவார். "முதல்ல ராசாக்கள்ட அரண்மனையில ஆம்பிளையள்தான் ஆடினவை. குதி உயர்ந்த சப்பாத்து, முன்னால வெள்ளி வளையம். பிறகு ஒரு பொம்பிளை குதியை வெட்டி எறிஞ்சுபோட்டு ஆடினா. ஊரே வாயைப் பிளந்துது."

"ஏன், குதிகால் தெரிஞ்சதுக்கா?"

"கணுக்கால் தெரிஞ்சதுக்கு. பிறகு மெல்லிசுச் சப்பாத்து வந்தது, ரிப்பன் கட்டி. அதுக்குப் பிறகுதான் விரல் நுனியில ஏறுற ஆசை. அந்த நாளையில பெட்டியும் இல்லை, ஒண்டும் இல்லை. நுனியில நூலால இழையோடியிருக்கும், அவ்வளவுதான். நூல்லயும் தங்கட விரல்லயும்தான் நிண்டவை. சாக்கும் பசையும் வச்சுப் பெட்டி கட்டினது இத்தாலிக்காரர், அது பிறகு."

எதற்குப் பிறகு எது என்று நான் மாற்றி மாற்றிச் சொல்லித் திட்டு வாங்குவேன். ஆனால் ஒன்று எனக்கு விளங்கியது. அங்கே சப்பாத்து முன்னால் போயிற்று. எங்கள் மாடியில் பின்னால் போயிற்று! முதலில் பெட்டியை எடுத்தோம், சத்தம் குறைந்தது. பிறகு அடிப் பட்டையை எடுத்தோம், இன்னும் குறைந்தது. பாய் கொடுத்த சாட்டின் துணி தீர்ந்ததும் என் பழைய சேலையை மடித்து மடித்துத் தைத்தோம். கடைசியில் கையில் இருந்தது நுனியில் நூல் ஓடிய ஒரு துணிச் சப்பாத்து. ரோஜா நிற ரிப்பன் மட்டும் பழசு. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் மாடியில் ஆடினால் கீழே ஒரு தூசி விழாது. "நூறு வருசம் பின்னால வந்திட்டம், இராஜம்மா," என்றார் டீச்சர். சந்தோஷமாகச் சொன்னாரா, துக்கமாகச் சொன்னாரா? முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மீனலோசனி சாப்பிட்டாள். கால் வீக்கம் வடிந்தது. தாயிடம் பேசினாள், முதல் பேச்சே சண்டைதான்: "அம்மா, நீ மிதிக்கிற சத்தம்தான் பெருசா கேக்குது!" இது தொண்டு இல்லையா? இதைவிடப் பெரிய தொண்டு எது?

இனி அந்தச் சித்திரா பௌர்ணமிக்கு வருகிறேன். இவ்வாண்டுச் சித்திரை. எனக்கும் டீச்சருக்கும் ஒரு ஓயாத வழக்கு உண்டு. காலில் போடுவதைப் பூசை செய்யும் மாடிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பேன் நான். இது ஊர் மண் மிதித்த பொருள் இல்லை, வாத்தியம் போன்றது என்பார் அவர். வெகுநாளைக்கு முன்பே அந்த வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார். சப்பாத்துகள் மாடியில்தான் இருக்கும். நானும் ஒன்றும் சொல்வதில்லை.

அன்று நான் மாடியை மஞ்சள் நீரால் கழுவிக் கோலம் போட்டிருந்தேன். அரிசி ஏது? மரவள்ளியிலே பொங்கல். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சபையோரே. என் கோலத்தைப் பார்த்த டீச்சர், தாமாகவே பிள்ளைகளின் சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், மாடிப்படிக்குக் கீழே, நாம் செருப்பு விடும் இடத்தில், ஒழுங்காக வரிசையாக வைத்துவிட்டு வந்தார். ஏன் வைத்தார்? வழக்கில் ஜெயித்தவர் அல்லவா? வேறு கோயிலைச் சேர்ந்தவர் அல்லவா? அன்று மட்டும் ஏன்?

நான் கற்பூரத் தட்டோடு நின்றபோது கீழே பூட்ஸ் சத்தம் கேட்டது. கோப்பு வாங்க ஒரு அதிகாரி வந்திருந்தார். கூடவே இரண்டு சிப்பாய்கள், மொழிபெயர்க்க ஒருவர். என் வீட்டுக்காரர் கோப்பை எடுத்து நீட்டினார். அதிகாரி வாங்கவில்லை. குனிந்து மாடிப்படியின் கீழிருந்து ஒரு சப்பாத்தை எடுத்தார். ரோஜா நிற ரிப்பன். பிள்ளைக் கால் அளவு.

"யாருடையது என்று கேட்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பவர்.

என் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? எலி என்று சொல்ல முடியுமா? எலிக்கு ரிப்பன் கட்டிய சப்பாத்து உண்டா?

நான் அசைவதற்குள் டீச்சர் என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். "என்ர தான். ரெண்டு சோடியும். ஒட்டுவிக்கக் கொண்டுவந்தனான். நான் ஆடுறனான்."

மொழிபெயர்த்ததும் சிப்பாய்கள் சிரித்தார்கள். நரைத்த கொண்டை, சேலை, நாற்பதைத் தாண்டிய உடம்பு. அதிகாரி சப்பாத்தைத் தரையில் போட்டுக் காலால் தள்ளினார். "போட்டு ஆடு என்கிறார்."

டீச்சர் உட்கார்ந்து போட்டார். குதிகால் உள்ளே போகவில்லை. விரல்களை மட்டும் உள்ளே திணித்து, ரிப்பனைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டினார். குதிகால் வெளியே நின்றது. எழுந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். அந்தச் சிமெண்டுத் தரையில், பெட்டி இல்லாத, பட்டை இல்லாத, வெறும் நூல் ஓடிய அந்தத் துணிச் சப்பாத்தில் விரல் நுனிமேல் ஏறி நின்றார்!

நான் பாதிப் படியில் நின்றேன். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு மேலே இரண்டு பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கீழே அந்த அம்மாள் கையை விரித்து மெல்லச் சுழன்றார். ஒரு சத்தம் இல்லை. சிப்பாய்களின் சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி மறுபடி ஆடச் சொன்னார். ஆடினார். இன்னும் ஒருமுறை என்றார். அதையும் ஆடினார். சப்பாத்தின் நுனி சிவப்பாக ஊறியதை நான் பார்த்தேன்.

அதிகாரி கோப்பை வாங்கிக்கொண்டார். போகும்முன் நிமிர்ந்து மாடிப்படியை, என்னைத் தாண்டி மேலே பார்த்தார். பிறகு டீச்சருக்குத் தலை குனிந்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் போனாரா? தெரியாமல் போனாரா? அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைப் பக்கம் வரவேயில்லை. கேட்க ஆளில்லை.

டீச்சரின் கால்விரல் நகம் பெயர்ந்துவிட்டது. மஞ்சள் வைத்தேன், வேப்பிலை அரைத்துக் கட்டினேன். மருந்து என்று எங்கும் எதுவும் கிடைக்காத காலம். புண் ஆறாமல் ஏறியது. பாதம் கறுத்தது. எங்கள் மாடியிலேயே படுத்திருந்தபடி மீனலோசனியைக் கட்டிலருகே நிறுத்தி, "முழங்கால் மடங்குது, நிமிர்," என்று அதட்டிக்கொண்டே இருந்தார். நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு ஏன் டீச்சர் கீழ கொண்டுபோயி வச்சீங்க?"  "உங்கட கோலம் வடிவா இருந்தது, இராஜம்மா," என்றார். அது பதிலா? நானும் அன்றிலிருந்து யோசிக்கிறேன். என் ஆசாரத்தை மதித்ததற்கா ஒரு உயிர்? அப்படியானால் நான் அந்த மதிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்க்கிரட் டீச்சர் அவர்களே! உம்மை நாட்டியக் கலைமணி என்பதா, காவல் தெய்வம் என்பதா, பசை காய்ச்சப் பழகிய பிடிவாதக்காரி என்பதா? எனக்குத் தெரியவில்லை அம்மா, தெரியவில்லை!

கடைசியில் "அவர் பணியைத் தொடர்வோம்" என்று சபதம் எடுக்க வேண்டும் என்று தலைவர் ஐயா சொல்லியிருக்கிறார். எடுக்கிறேன். எந்தப் பணி என்று கேட்டால்தான் முழிக்கிறேன். எனக்கு ஆடத் தெரியாது. ஆகையால் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் மாடியில் காகிதக் கட்டுகளை ஒதுக்கிவிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் எந்த வீட்டுப் பெண் பிள்ளையும் வரலாம். பாய் துணி தருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மாவு கப்பலில் வந்ததும் நான் பசை காய்ச்சுவேன், நுனியில் பெட்டி வைப்பேன். சொல்லிக்கொடுக்க மீனலோசனி இருக்கிறாள். கெட்ட காலத்து நினைப்பு பிள்ளைக்கு இனி வேண்டாம், கல்யாணத்துக்குப் பார்க்க வேண்டும் என்கிறாள் நல்லம்மா. தாய் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் நல்லம்மா, அந்த ஆட்டம்தானே உன் பிள்ளையை உன்னிடம் பேசவைத்தது?

அடுத்து எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காக்கவேண்டும். அதுதான் முறை. தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் மூன்றரை வருஷம் மௌனம் காத்தாயிற்று. அந்த அம்மாளுக்கு இன்னும் மௌனமா செலுத்துவது? ஐயா தலையசைக்கிறார். நல்லது.

சௌதா, மேடைக்கு வா. பாய், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நல்லம்மா, புள்ள கைய விடு. விடும்மா, இங்க ஜப்பான்காரன் யாரும் இல்ல.

வா மீனா. இதுவும் பலகைதான். நல்லா குதி. தெருவுக்கே கேக்கட்டும்.